பிடித்தால் மட்டும்

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு துணி இருக்கிறது.
மணப்பெண் முகத்தை மறைத்தும் மறைக்காத
அந்த வலைத்துணிக்குப் பெயர் துல்.
ஊருக்கும் அதே பெயர்தான்.
அக்கார்டியன் செய்கிறோம்.
மூன்றாவதாக ஒன்றும் செய்கிறோம்.
அதைத்தான் பதினொரு வருடம் சோதித்தேன்.

ஆறாம் எண் மேசை. சன்னலுக்குக் கீழே கொரேஸ் ஆறு.
எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, வளைத்து, பற்றவைத்து
பிஸ்கட் டப்பா மாதிரிச் செய்த துப்பாக்கி.
கடைசல் வேலை கொஞ்சம்தான்.
போர் முடிந்த நாட்டில் காசும் கொஞ்சம்தான்.
தோட்டாப் பெட்டியை முன்பக்கம் மடக்கினால்
வெட்டுக்கிளிக் கால் போலக்
குழலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
தோளில் முட்டுகிற கம்பியும் உள்ளே போய்விடும்.
கோட்டுக்குள் வைத்தால் கோட்டுதான் தெரியும்.

ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா.
"அது ஜெர்மன்காரன் அளவாயிற்றே" என்றேன் முதல் நாள்.
மேற்பார்வையாளர் புர்தாரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
"நல்ல அளவு, மார்சலின்."

பிடியின் பின்னால் ஒரு பட்டை. அதுதான் என் வேலை.
உள்ளங்கை அதை அழுத்தியிருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் சுடாது.
தரையில் விழுந்தால் சுடாது.
லாரி குலுங்கினால் சுடாது.
மனிதக் கை ஒன்று முழுசாகப் பிடித்தால்தான்.
ஒரு நாளைக்கு இருநூறு தடவை பிடித்தேன்,
இருநூறு தடவை விட்டேன்.
தேறியதற்கு உளியால் ஒரு குட்டிப் பிறை.

லெயோனார் இதே ஆலையில் கடைசல்காரன்.
நாற்பத்து நான்கு ஜூனில்
பாலத்தெரு பால்கனி ஒன்றில் அவனைத் தொங்கவிட்டார்கள்.
தொண்ணூற்றொன்பது பேர் அன்று.
எத்தனையாவது ஆள் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இப்போது அங்கே ஒரு தையல்காரி போர்வை உலர்த்துகிறாள்.
போர்வை உலரத்தானே வேண்டும்.

இனி வெறுங்கையோடு நிற்பதில்லை என்றுதான்
வேலைக்குச் சேர்ந்தேன்.
அன்றைக்கு அது சரி.

ஐம்பத்தாறில் அக்கா மகன் ஜில்பேர்
அல்ஜீரியாவுக்குக் கப்பலேறினான்.
"சித்தி, என் துப்பாக்கியில் உங்கள் பிறை."
ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன்.
பெருமைப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கடிதம் கபிலியா மலையிலிருந்து.
வறண்ட ஓடையில் ஒருவனைச் சுட்டிருக்கிறார்கள்.
"அவனிடம் இருந்ததும் நம்முடையதுதான், சித்தி.
எங்கள் ஆள் ஒருவனிடமிருந்து எடுத்தது.
பிறை இருக்கிறது.
மணல் போகாமல் இருக்க வைத்த மூடி
மூடியபடியே இருந்தது.
அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்."

தெரியும்.
ஒரு தோட்டா போனாலும் அந்த மூடி திறந்துகொள்ளும்.

கீழே, வேறு மையில், இன்னொரு வரி:
"ஊர் பார்க்கட்டும் என்று சந்தை வாசலில்
அவனை மூன்று நாள் வைத்திருந்தோம்."
எப்படி வைத்தார்கள் என்று எழுதவில்லை.
படுக்கவைத்தா,
இல்லை.
கடிதத்தைச் சர்க்கரை ஜாடிக்குள் போட்டேன்.

மறுநாள் ஆறாம் எண் மேசை.
பிடித்தேன். பட்டை உள்ளே போனது.
விட்டேன். வெளியே வந்தது.
குறை ஒன்றும் இல்லை.
குறை இருந்திருக்கலாம்.
பிறையை வைத்தேன்.
அதற்குப் பிறகும் மூன்று வருடம் வைத்தேன்,
ஓய்வூதியம் வரும்வரை.

இந்தோசீனாவிலிருந்து திரும்பிய மெக்கானிக் ஒருவன் சொன்னான்:
அங்கே விட்டுவந்தவற்றுக்கு வியட்நாமியர்கள்
புதுக் குழல் போட்டிருக்கிறார்களாம்,
நீளமாக, ரஷ்யத் தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி.
"பிடிப் பட்டை?" என்று கேட்டேன்.
அவன் சிரித்தான்.
அதை யாரும் தொடவில்லையாம்.

அவ்வளவு நன்றாகச் செய்திருந்தோம்.